கையொப்பம் ஒருவருடையது, முடிவு ஊரைப் பற்றியது

மூளையிலிருந்து பெறப்படும் தரவுகளை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கான உலகளாவிய அறநெறிப் பரிந்துரையை யுனெஸ்கோ பொது மாநாடு 2025 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. அதே மாதத்தில், எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் இந்தியாவில் அறிவிக்கை செய்யப்பட்டன. இவற்றையொட்டிய விவாதங்கள் பெரும்பாலும் எண்ணங்களைப் படிக்கும் பெருநிறுவனக் கருவிகளைப் பற்றியே சுழல்கின்றன. அத்தகைய கருவிகள் வருவதற்கு முன்பே தமிழகச் சிற்றூர்களுக்கு வந்துவிட்ட எளிய கருவி ஒன்று உண்டு. அது இஇஜி எனப்படும் மூளை மின்னலைப் பதிவுக் கருவி.

தாரா தியாகராஜன் உள்ளிட்ட சேப்பியன் லேப்ஸ் ஆய்வாளர்கள் 2021இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தமிழகத்தின் சிற்றூர்கள் முதல் பெருநகரம் வரை 402 பேரின் மூளை மின்னலைகள் அதற்காகப் பதிவுசெய்யப்பட்டன. அவர்களின் வருமானம் நாளொன்றுக்கு 0.82 டாலர் முதல் 410 டாலர் வரை இருந்தது. கல்வி, பயணம், கைபேசிப் பயன்பாடு போன்ற புறத்தூண்டல்களும் வருமானமும் கூடக்கூட மூளை அலைகளின் சிக்கல்தன்மையும் கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இந்த ஆய்வின் நோக்கத்தைக் குறை சொல்ல இயலாது. உளவியல் ஆய்வுகள் மேலை நாட்டுக் கல்லூரி மாணவர்களை அளந்து, அதையே மனித குலத்தின் இயல்பு என்று அறிவித்து வந்ததை ஜோசப் ஹென்ரிக் உள்ளிட்டோர் 2010இல் புள்ளிவிவரங்களுடன் சுட்டிக்காட்டினர். அந்தக் குறையைப் போக்க ஆய்வாளர்கள் நம் ஊர்களுக்கு வரத்தான் வேண்டும். மேலும், இந்தக் கட்டுரை வேறுபாட்டைப் பிறவியோடு முடிச்சுப் போடவில்லை. சூழலோடு சேர்த்தே பேசுகிறது. ஆனால், 'ஏழையின் மூளை எளிய மூளை' என்று அதைச் சுருக்கிச் சொல்ல ஒரு தலைப்புச் செய்தி போதும். அப்படிச் சுருக்கப்படும்போது பாதிக்கப்படுபவர் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்ட ஒருவர் மட்டும் அல்லர்.

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள சாலவாக்கத்துக்கு நாளை இத்தகைய குழு ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். ஏரிப்பாசன நெல் வயல்களும் கல்குவாரிகளும் சூழ்ந்த பகுதி. வயலிலோ குவாரியிலோ வேலை செய்யும் ஒரு பெண் விடியலுக்கு முன்பே எழுந்து, சமைத்து, வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகு நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிறார். 'கண்ணை மூடிக்கொண்டு மூன்று நிமிடம் அமைதியாக இருங்கள்' என்கிறார்கள். கண்ணை மூடி விழித்திருக்கும்போது நொடிக்கு 8 முதல் 13 முறை எழுந்தடங்கும் ஆல்ஃபா அலைகள் வலுவாகத் தோன்றும். உறக்கக் கலக்கம் வந்ததும் அவை மங்கிவிடும். களைத்த உடம்பு அந்த மூன்று நிமிடத்தில் உறங்கத் தொடங்கினால் பதிவாவது வறுமையா, அசதியா? மாத ஊதியக்காரரைக் குளிரூட்டிய அறையில் காலை பத்து மணிக்கு அளந்துவிட்டு, இவரைப் பிற்பகல் வெக்கையில் அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. வியர்வையும் அலைகளின் அடிக்கோட்டை மேலும் கீழுமாக இழுக்கும்.

கூந்தல் இன்னொரு சிக்கல். தலைத்தோலில் மின்முனை நன்றாகப் படிந்தால்தான் மைக்ரோவோல்ட் அளவிலான அந்த மின்மாற்றம் பிடிபடும். எண்ணெய் தேய்த்து, இறுகப் பின்னி, பூ வைத்த தலையில் அது எளிதாகப் படியாது. பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிக்கும் வழக்கம் இன்றும் இருக்கும் ஊர்களில் ஆய்வுக்கான நாளை அதற்கேற்பக் குறிக்கலாம். முன்பின் அறியாத ஆண் ஒருவர் பின்னலை அவிழ்த்துத் தலையைத் தொடுவதைப் பல பெண்கள் விரும்ப மாட்டார்கள். விரும்பவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். பெண் பணியாளர், மறைப்புள்ள இடம், பதிவு முடிந்தபின் பசையைக் கழுவத் தண்ணீர், துவட்டத் துண்டு ஆகியவற்றை ஆய்வகங்கள் உபசாரம் என்று கருதுவதுண்டு. என் பார்வையில் இவை ஆய்வுமுறையின் பகுதி. கூச்சத்தோடும் அச்சத்தோடும் உட்கார்ந்திருப்பவரின் தாடையும் நெற்றியும் இறுகும். அந்தத் தசை மின்னோட்டம் மூளை அலையோடு கலந்துவிடும்.

அச்சம் ஏன் என்று கேட்கலாம். தலையில் கம்பி என்றாலே நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது திரைப்படங்களில் காட்டப்படும் 'ஷாக்' சிகிச்சைதான். இக்கருவி தலைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை, எண்ணங்களைப் படிப்பதும் இல்லை என்பதைப் படிவத்தில் அச்சிட்டால் போதாது. முதலில் குழுவினரில் ஒருவர் அதைத் தன் தலையில் மாட்டிக் காட்டலாம்.

எதிர்பாராமல் கண்ணில் படுவது அதைவிடக் கடினமானது. ஆய்வுக்காக எடுத்த பதிவில் வலிப்பு நோயைச் சுட்டும் அலைகள் சில நேரம் தென்படக்கூடும். திருமணத்தை ரத்து செய்வதற்கான காரணங்களிலிருந்து வலிப்பு 1999இலேயே சட்டப்படி நீக்கப்பட்டுவிட்டது. ஆனால், பெண் பார்க்க வருபவர்கள் சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. இருபது வயதுப் பெண்ணிடம் அக்கம்பக்கத்தார் முன்னிலையில் 'மருத்துவரைப் பாருங்கள்' என்று சொல்வது அவரது வாழ்க்கையையே திசைமாற்றிவிடலாம். சொல்லாமல் போவதோ குற்றம். யார், எங்கே, எப்படிச் சொல்வது, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யாரிடம் அனுப்புவது என்பதெல்லாம் முதல் பதிவுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? புணே நீதிமன்றம் ஒன்று 2008இல் மூளை அலைச் சோதனையையும் சான்றாக ஏற்றுக் கொலை வழக்கில் தண்டனை வழங்கியது. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி இத்தகைய சோதனையை நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் நிலையத்தின் கட்டாயத்தை அத்தீர்ப்பு தடுத்தது. ஊரில் செயல்படும் மென்மையான கட்டாயம் அதன் பிடிக்குள் வராது. சுய உதவிக் குழுத் தலைவி அழைத்தால், செவிலியர் கூடவே வந்தால், மறுப்பது எளிதல்ல. 2009-10இல் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில், பழங்குடி மாணவியருக்கான ஒப்புதல் படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டதை நாடாளுமன்ற நிலைக்குழு பின்னர் கண்டித்தது.

தரவுப் பாதுகாப்புச் சட்டமோ ஆய்வுகளுக்கு விலக்கு அளிக்கிறது. குறிப்பிட்ட நபரைப் பற்றிய முடிவெடுக்கத் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த விலக்குக்கான முக்கிய நிபந்தனை. ஓர் ஊரைப் பற்றி, ஒரு தொழிலைச் செய்வோரைப் பற்றி, ஒரு சாதியைப் பற்றி எடுக்கப்படும் முடிவு? அதற்கு அங்கே இடமே இல்லை. பெயரை நீக்கிவிட்டால் தனிமனிதர் மறைந்துவிடுவார், ஊர் மறையாது.

இந்த இடைவெளியை மற்றவர்கள் பட்டறிந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வு என்று நம்பிக் கொடுத்த குருதி, மனச்சிதைவு ஆய்வுக்கும் அவர்களின் பூர்விகம் குறித்த ஆய்வுக்கும் பயன்படுத்தப்பட்டது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2010இல் 7 லட்சம் டாலர் அளித்து, மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களுக்கென ஆய்வு நெறிமுறை ஒன்றையே வகுத்துக்கொண்டனர்.

நம்மிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டி இருக்கிறது. ஆய்வுக்கு உட்படுவோரை அது 'பங்கேற்பாளர்' என்றே அழைக்கிறது. அறநெறிக் குழுவில் சாமானியர் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்கிறது. அந்தச் சாமானியர் பெரும்பாலும் ஆய்வு நிறுவனம் இருக்கும் நகரத்தவராகவே அமைந்துவிடுகிறார். உத்திரமேரூர் என்றாலே குடவோலையை நினைப்பது நம் வழக்கம். கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் வாரியத்திலிருந்து விலக்கிய அந்தச் சோழர் காலக் கல்வெட்டு, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் இல்லாதவரையும் விலக்கியது. நிலமற்ற உழைப்பாளி அன்றும் அவையில் இல்லை. அவரது தலையில் மின்முனை வைக்கலாமா என்று முடிவெடுக்கும் இன்றைய அவையிலும் இல்லை.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆய்வுக் குழு அங்கே வந்து, எதை அளக்கிறோம், எதை அளக்க முடியாது என்று விளக்கலாம். இது தனிநபர் ஒப்புதலுக்கு மாற்றாகிவிடக் கூடாது; ஊரே ஒத்துக்கொண்டது என்று சொல்லி ஒருவரை உட்காரவைப்பது இன்னொரு வகைக் கட்டாயம். விளக்கம் சபையில், சம்மதம் தனியறையில் என்று பிரித்துக்கொள்ளலாம். இழந்த கூலியை ஈடுசெய்யும் தொகையை அறநெறிக் குழுவே முன்கூட்டி முடிவு செய்யட்டும். அந்தத் தொகை, வர விருப்பமில்லாதவரையும் இழுக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது.

கட்டுரை அச்சாகும் முன், அதன் முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதி அதே சபையில் படிக்க வேண்டும். 'எங்கள் அலை ஏன் குறைவு?' என்று கேட்பவருக்கு, அது அறிவின் அளவுகோல் அல்ல என்று ஆய்வாளரே நேரில் பதில் சொல்லட்டும். கேட்பவர் மறுத்துப் பேசினால் அந்த மறுப்பும் கட்டுரையில் இடம்பெற வேண்டும். இதற்காகும் திரும்பிவரும் பயணச் செலவு நிதிக் கோரிக்கையிலேயே தனி இனமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு அறநெறிக் குழுக்கள் அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிடலாம்.