பார்க்கப் போனால் பார்த்தால் போதும்

'சஃபாரி' என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆபிரிக்கா. கென்யாவின் மசாய் மாரா, தன்சானியாவின் செரெங்கெட்டி, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி. ஆனால் அந்தச் சொல் நமக்கு அந்நியமானதல்ல. பயணம் என்று பொருள்படும் 'ஸஃபர்' என்ற அரபுச் சொல்லே சுவாஹிலி மொழிக்குப் போய் 'சஃபாரி' ஆனது. ஸஃபருக்கு மார்க்கம் ஒழுங்குகளைக் கற்றுத் தந்திருக்கிறது. புறப்படும்போது ஓதும் துஆ முதல் சுருக்கித் தொழும் சலுகை வரை நாம் அறிவோம். காட்டு விலங்குகளைப் பார்க்கப் போகும் ஸஃபருக்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா?

விலங்குகளைக் காண நாம் ஆபிரிக்கா போக வேண்டியதில்லை. நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் நமது பட்டிப்பொல. அங்கிருந்து வானில் ஏறினால் சிறிது நேரத்தில் ஹோர்ட்டன் சமவெளி. 1988இல் தேசிய பூங்காவான இடம். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய கங்கைகளுக்கு நீர் தரும் மேட்டுநிலம். ஒரு காலத்தில் அங்கே யானைகளும் இருந்தன. ஆங்கிலேயர் காலத்து வேட்டை அவற்றை இல்லாமலாக்கியது. நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் தன் வேட்டைகளைப் பெருமையோடு புத்தகமாகவே எழுதினார். இன்று அங்கே போகிறவர்கள் அதிகம் காணும் பெரிய விலங்கு மரைதான்.

இப்போது யாரும் துப்பாக்கியோடு போவதில்லை. பாணோடும் பிஸ்கட்டோடும் போகிறார்கள். வாகனம் நின்றதும் மரை கிட்டே வருகிறது. ஒருவர் ஊட்ட, இன்னொருவர் செல்பி எடுக்கிறார். நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிட்டே உள்ளே விடுகிறார்கள். அப்படியிருந்தும் இறந்த மரைகளின் வயிற்றில் பொலித்தீன் இருந்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. உப்பும் இனிப்பும் ஒட்டிய பையை மரை உணவென்று நினைத்து விழுங்கிவிடுகிறது.

"வாயில்லா ஜீவனுக்கு உணவு கொடுப்பது ஸதகா அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை நாம் படித்திருக்கிறோம். ஆனால் அந்த நாய் தவித்துக்கொண்டிருந்தது. மரைக்கோ சமவெளி முழுவதும் புல்லை அல்லாஹ் விரித்து வைத்திருக்கிறான். பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸையும் நினைத்துப் பாருங்கள். அவள் உணவு கொடுக்காதது மட்டுமல்ல, அது பூமியில் தேடித் தின்னவும் விடவில்லை என்பதும் அங்கே குற்றமாகச் சொல்லப்படுகிறது. தினமும் பாணுக்காக வாகனத் தரிப்பிடத்தில் காத்து நிற்கும் மரையும் கயிறில்லாமல் கட்டப்பட்டதுதான். கொடுக்கும் நமக்கு மனம் நிறைகிறது. நோயும் விபத்தும் அதற்கு வருகின்றன.

இது மரையோடு நிற்கவில்லை. புத்தல–கதிர்காமம் வீதியில் யானைகள் வாகனங்களை மறித்து உணவு தேடுகின்றன. பழக்கியவர்கள் பயணிகள், பழி யானைக்கு. யால பூங்காவில் ஒரு சிறுத்தை தென்பட்டால் ஜீப்புகள் விரைந்து வந்து அதைச் சூழ்ந்துகொள்கின்றன. மசாய் மாராவிலோ ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வாகனங்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எந்த விதியும் பயணியின் மனம் ஒத்துழைத்தால்தான் நிற்கும். "இன்னும் கிட்டப் போங்கள்" என்று சாரதியை அவசரப்படுத்துவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்கள்தானே.

தோழியரே, அடுத்த சுற்றுலாவுக்குச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவோம். மரைக்கு எதையும் போடாமல் தூரத்தில் நின்று பார்ப்போம். மரை மட்டுமல்ல, கொம்பு முளைத்த மூக்கோடு கிளையில் அசையாதிருக்கும் ஓணானும் அங்கே உண்டு. அழிந்துவிட்டதென்று நீண்ட காலம் நம்பப்பட்ட ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கும் அங்கேதான் வாழ்கிறது. சத்தம் குறைந்தால்தான் இப்படிப்பட்டவை நம் கண்ணில் படும். எறும்பின் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்து, அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னவர் நபி ஸுலைமான் (அலை). அத்தனை பெரிய படையை நடத்திச் சென்றவருக்கே எறும்பைக் கவனிக்க நேரம் இருந்தது.

பெற்றோரே, பிள்ளையின் கையில் மரைக்கென்று பாண் துண்டைக் கொடுத்தனுப்பாதீர்கள். ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள். வீடு திரும்பியதும் எத்தனை படம் எடுத்தாய் என்பதற்கு முன், என்னென்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.