கண்டியின் கடைசி ராஜா உறங்குவது வேலூரில்!

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் இருந்து வேலூர் கோட்டையைப் பார்க்கப் போகும் குடும்பங்கள், அகழியைச் சுற்றிப் பார்த்து, ஜலகண்டேஸ்வரரை வணங்கிவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். கொஞ்சம் தள்ளி, பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் பலர் கண்ணில் படுவதில்லை. அங்கே இருப்பது கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்ரம ராஜசிங்கனின் சமாதி.

இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி வந்தவர். 1798-ல், 18 வயதில் அரியணை ஏறினார். இன்று கண்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஏரி, இவர் காலத்தில் வெட்டப்பட்டதுதான்.

இலங்கையின் கரையோரம் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே இருந்தது. மலைக்குள் இருந்த கண்டி மட்டும் யாருக்கும் அடங்கவில்லை. அடர்ந்த காடும் குறுகிய கணவாய்களும்தான் அதற்குக் காவல். 1803-ல் உள்ளே நுழைந்த ஆங்கிலப் படை, காய்ச்சலில் துவண்டு, கண்டி வீரர்களிடம் அழிந்தது.

துப்பாக்கியால் முடியாததை உட்பகை முடித்தது. மன்னருக்கும் பிரதானிகளுக்கும் பகை முற்றியது. எஹலப்பொல என்ற பிரதானி 1814-ல் ஆங்கிலேயரிடம் ஓடினார். ஆத்திரத்தில் மன்னர், அவருடைய மனைவியையும் குழந்தைகளையும் கொல்ல உத்தரவிட்டார். அந்தக் கொடுமையோடு மக்கள் மனமும் மன்னரை விட்டு விலகியது.

1815 பிப்ரவரியில் ஆங்கிலப் படை பெரிய எதிர்ப்பில்லாமல் கண்டிக்குள் நுழைந்தது. மன்னர் பிடிபட்டார். மார்ச் 2-ம் தேதி, அரண்மனை மண்டபத்தில் பிரதானிகளுடன் ஒப்பந்தம் ஆனது. பௌத்தமும் பிரதானிகளின் உரிமைகளும் காக்கப்படும் என்று அதில் வாக்குக் கொடுக்கப்பட்டது.

இரண்டே வருடத்தில் கசப்பு வெடித்தது. 1817-ல் ஊவாவில் தொடங்கிய கிளர்ச்சி அடக்கப்பட்டு, அதன் தலைவர் கெப்பெட்டிபொல 1818-ல் தலை துண்டிக்கப்பட்டார். ஆங்கிலேயருக்குக் கதவைத் திறந்துவிட்ட எஹலப்பொலவும் தப்பவில்லை. மொரீஷியஸுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கேயே இறந்தார்.

மன்னர் 1816-ல் குடும்பத்தோடு வேலூர் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். அப்போது புதுச்சேரியும் ஆங்கிலேயர் பிடியில்தான் இருந்தது. ஐரோப்பாவில் போட்ட உடன்படிக்கையால், அதே 1816-ல் அது பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. கண்டியைத் திருப்பிக் கேட்க அப்படி ஒரு வல்லரசு இல்லை. மன்னர் 1832 ஜனவரி 30-ல் வேலூரிலேயே காலமானார். இங்கிலாந்துக்குப் போன அவருடைய சிம்மாசனம் 1934-ல் இலங்கைக்குத் திரும்பியது. மன்னர் திரும்பவே இல்லை.

அடுத்த முறை வேலூர் போனால், பாலாற்றங்கரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். குழந்தைகளுக்குச் சொல்ல அங்கே ஒரு கதை இருக்கிறது.