மலை சரிந்தது ஓர் இரவில், மனம் சரிவது?

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறு மலையில் பெட்டிமுடி. தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் உறங்கிக் கிடந்தவர்கள் மீது மலை சரிந்தது. 70 உயிர்கள் போயின. நால்வரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு வட்டாரம்.

மாண்டவர்களை எண்ணினோம். நிவாரணத் தொகையை எண்ணினோம். மிஞ்சியவர்களின் மனத்தை எண்ணிப் பார்த்தோமா?

பேரிடருக்குப் பின் மழைச் சத்தம் கேட்டாலே அலறும் பிள்ளை இருக்கிறது. உடலைக் காணாததால் சாவையே நம்ப மறுக்கும் தாய் இருக்கிறாள். "காத்து கருப்பு" என்கிறோம், "கோழை" என்கிறோம். அது நோய் என்றால் வைத்தியம் வேண்டாமா?

வைத்தியத்தின் நிலை என்ன? தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. ஆயினும் ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரு சிறு குழுதான். வெள்ளம் வந்தால் அதே குழு முகாமுக்கு ஓட வேண்டும். வழக்கமான சிகிச்சை நாள் தவறுகிறது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு ஒழுங்காக வேலைக்குப் போனவரின் மாத்திரை வெள்ளத்தோடு போகிறது. நோய் திரும்புகிறது. 2018 கேரள வெள்ளத்தில் முகாம்களில் இருந்தோர் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். தேவை பன்மடங்கு, கைகள் அதே கைகள்.

வெளியூர் ஆலோசகர்கள் வருகிறார்கள், நல்ல மனத்தோடு உழைக்கிறார்கள், சில வாரங்களில் போய்விடுகிறார்கள். துக்கமோ முகாம் கலைந்த பிறகுதான் பலருக்குக் கனக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அதுதான் வழி. உள்ளூர்க்காரர் ஊரை விட்டுப் போகமாட்டார்.

நமக்கு இன்னொரு சுவரும் உண்டு: மொழி. வயிற்று வலியைச் சைகையில் காட்டலாம். நெஞ்சுக் கனத்தை எந்தச் சைகையில் காட்டுவது?

2017 மனநலச் சட்டம் அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவதை எல்லோருக்கும் உரிமையாக்கியது. பாகுபாடு கூடாது என்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையல்ல:

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மனநோய் மாத்திரை மழைக்காலத்துக்கு முன்பே இருப்பு வேண்டும். முகாமுக்குத் தனி ஆட்கள் வேண்டும். வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. இரண்டு ஆண்டுகளாவது வீடு தேடி வந்து பார்க்க வேண்டும். தமிழர் வாழும் தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் நம் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து அந்த வேலையில் அமர்த்த வேண்டும்.

அதுவரை 14416 என்ற அரசு இலவசத் தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். 2022இல் தொடங்கிய சேவை அது. தமிழிலும் பேசலாம்.

நிவாரண அரிசியை வரிசையில் நின்று கேட்டு வாங்கியவர்கள் நாம். இதையும் கேட்போம். அடுத்த மழைக்கு முன் கேட்போம்.