பாலாறு தாண்டினால் படிப்பு பாழா?

காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பாலாற்றைத் தாண்டினால் செய்யாறு. அங்குள்ள அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியோ, 2002-ல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பக்கத்து ஊர்தான். ஆனால் பல்கலைக்கழகம் வேறு!

தறியில் வேலை இல்லை என்று ஒரு குடும்பம் ஊர் மாறுகிறது. இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளையின் கதி என்ன? பாஸ் செய்த பேப்பரில் எது செல்லும், எது செல்லாது? யாரைக் கேட்பது? டி.சி. வாங்கிய பிறகு "செல்லாது" என்றால், இங்கேயும் இடமில்லை. அங்கேயும் ஒரு வருடம் போச்சு!

2021-ல் யு.ஜி.சி. 'கிரெடிட் வங்கி' கொண்டுவந்தது. பாஸ் செய்த பாடத்தின் கிரெடிட் 7 ஆண்டு வரை கணக்கில் இருக்கும். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதியாவது படித்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேங்கில் பணம் இருந்து என்ன? செக்கை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டாமா?

மாணவர்களே, டி.சி.க்கு அவசரப்படாதீர்கள். மார்க் ஷீட்டையும் பாடத்திட்டத்தையும் காட்டி, சேரப்போகும் இடத்தில் முதலில் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. இதற்கென்று ஓர் அதிகாரியைப் போடுங்கள். 15 நாளில் பதில் சொல்லுங்கள்.

பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். காஞ்சி நெசவாளர் கோர்வை போட்டு இரண்டையும் ஒன்றாக்குகிறார். இரண்டு பாடத்திட்டத்தை இணைக்கப் படித்தவர்களால் முடியாதா?