கொல்லிமலையில் பனி பெய்யாது

போன வாரம் என் பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டான். அட்டையில் "பனி மூடிய மலைக்கிராமம்" என்று எழுதியிருந்தது. பிறர் நோட்டைப் பிரிப்பது தவறுதான். ஆனால் பையன் ஏற்காட்டைப் பற்றி ஏதோ எழுதுகிறான் என்று நினைத்துச் சந்தோஷத்தில் பிரித்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த கை, சும்மா இருக்காது.

உள்ளே ஏற்காடும் இல்லை, மார்கழிப் பனியும் இல்லை. முழங்கால் ஆழத்துக்கு வெண்பனி கொட்டி வழி அடைபட்ட ஒரு ஊர். அங்கே சத்திரம் மாதிரி ஒரு விடுதி, அதன் கணப்பில் விறகு தீர்ந்துகொண்டிருக்கிறது. ஊரார் பன்னிரண்டு பேரில் ஒருவன் இரவில் ஓநாயாகிறான். மணிக்கூண்டில் உறைந்துபோன பாதிரியார். இப்படிப் பத்தொன்பது கதைக் கருக்கள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு.

சாயங்காலம் விசாரித்தேன். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு ஆட்டமாம். நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் கதைசொல்லி. "நீங்கள் மலையடிவாரத்தில் நிற்கிறீர்கள், இருட்டுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். ஆடுபவர் தன் பாத்திரம் செய்வதைச் சொல்வார். பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவார்கள். அடுத்த ஆட்டத்துக்கு என் பேரன்தான் கதைசொல்லி. அதற்குத்தான் அந்த நோட்டு.

இதை நடைப்பயிற்சி நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர், "பேய் பிசாசு விளையாட்டா? படிப்பு கெடும், நிறுத்தச் சொல்லுங்க" என்றார். அவரோடு நான் உடன்படவில்லை. ஆளுக்கொரு செல்போனில் தலைகுனிந்து கிடக்கும் வயதில், நான்கு பையன்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று மணி நேரம் வாயால் கதை சொல்கிறார்கள். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நாம் இதைக் குறை சொல்லலாமா? ஆட்டம் நல்ல ஆட்டம். என் சண்டை ஆட்டத்தோடு அல்ல, அந்தப் பனியோடு.

சேலத்தில் பிறந்து, சித்திரை வெயிலில் வளர்ந்து, ஃபிரிட்ஜின் உறைபெட்டியைத் தவிர வேறெங்கும் பனிக்கட்டியைத் தொடாத பையனுக்கு வெண்பனி எங்கிருந்து வந்தது? அந்த ஆட்டத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். ஒருவர் விஸ்கான்சினில் ஜெனீவா ஏரிக்கரை ஊர்க்காரர், மற்றவர் மினசோட்டாக்காரர். இரண்டும் குளிர்காலத்தில் ஏரியே உறைந்துபோகும் பிரதேசம். பனி அவர்கள் வாசற்படியில் கிடப்பது. எத்தனை நாளில் விறகு தீரும், விரல் எப்படி மரத்துப்போகும் என்று அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். 2020-இல் வந்த ஒரு கதைப் புத்தகத்தில், குளிர்காலத் தேவதையின் சாபத்தால் வெயிலே வராத பத்து ஊர்கள் அவளுக்குப் பலி கொடுக்கின்றனவாம். பேரன் காட்டினான். நன்றாகத்தான் இருக்கிறது. அவர்கள் தங்கள் பயத்தை எழுதினார்கள். நம் பிள்ளைகள் அவர்கள் பயத்தை நகல் எடுக்கிறார்கள். அசல் இல்லாத நகலுக்கு நான் வேலை பார்த்த இடத்தில் முத்திரை போடமாட்டோம்.

இங்கே வாசகர்களில் சிலர் சிரிப்பீர்கள். என் பழைய கதை உங்களுக்குத் தெரியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா காலமான பிறகுதான் மாமாவை நம்பி இந்தப் பக்கம் வந்தோம். பள்ளியில் வாரம் ஒருமுறை திக்தே, அதாவது ஆசிரியர் வாசிக்க நாங்கள் எழுதுவது. அதில் பாதி நாள் பனிதான். 'லா நேழ்' என்று அவர் மூக்கால் சொல்வார். கூரை வெளுத்தது, குருவி பசியில் செத்தது, பாட்டி கணப்பருகில் கம்பளி பின்னினாள். நாங்கள் சட்டை முதுகில் ஒட்ட, வியர்வை நோட்டில் சொட்ட எழுதுவோம். "நேழ் என்றால் என்ன?" என்று ஒருவன் தமிழில் கேட்டதற்கு, பக்கத்துப் பையன் "பனிடா" என்றான். எங்களுக்குத் தெரிந்த பனி, விடிகாலையில் கோலப்பொடியை நனைப்பது. அதில் குருவி ஏன் சாகவேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. 'குளிர்காலம்' என்று கட்டுரை எழுதி இருபதுக்குப் பதினாறு வாங்கினேன். அதில் ஒரு வரிகூட நான் கண்டதில்லை. கடற்கரைக் காற்றை, ஐப்பசிப் புயலில் தெரு முழுக்க ஓடு பறந்ததை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதினெட்டு வாங்கியிருப்பேன்.

ஆக, அறுபது வருடத்துக்கு முன் எனக்குப் பாடப்புத்தகம் செய்ததை இப்போது பேரனுக்கு ஒரு விளையாட்டு செய்கிறது. எனக்காவது கட்டாயம், மார்க் இருந்தது. அவன் தானே ஆசைப்பட்டுச் செய்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சரி தாத்தா, வழி அடைபட்ட ஊர்தான் கதை. பனி இல்லாம எப்படி அடைபடும்?" என்றான்.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பஸ்ஸில் போய்விட்டு வருவதால் இந்தக் கேள்வி வருகிறது. காரவள்ளியிலிருந்து ஏறும் அந்தச் சாலையை எடுத்துவிட்டுக் கொல்லிமலையை நினைத்துப் பாருங்கள். மேலே ஆயிரம் மீட்டருக்கும் அதிக உயரத்தில் ஊர்கள், கீழே ராசிபுரம், நாமக்கல், சேந்தமங்கலம் சந்தைகள், நடுவில் ஒற்றையடிப் பாதை. உப்பும் துணியும் கீழேயிருந்துதான் ஏற வேண்டும். மிளகும் பலாவும் தேனும் தலைச்சுமையாக இறங்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் பாறை வழுக்கும், ஓடை பெருகும், மேகம் தரையில் இறங்கி முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. தீப்பெட்டி நமுத்துப்போகும். பிரசவ வலி கண்டவளைத் தூளி கட்டித் தூக்கி வரவேண்டும். இதைவிட எந்த ஊர் அடைபட வேண்டும்? இதில் எது எப்படிக் கொல்லும் என்று எனக்கே தெரியும். உறைபனியில் மனிதன் எப்படிச் சாவான் என்று என் பேரனுக்குச் சினிமா சொன்னால்தான் தெரியும்.

இன்னொன்று. மலை, குளிர், நள்ளிரவு மூன்றையும் கதைக்காகக் கட்டி வைத்த வேலையை நம்மவர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். தொல்காப்பியத்தில் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். தெய்வம் சேயோன். உணவு தினையும் மூங்கிலரிசியும், விலங்கு யானை, புலி, கரடி, மரம் வேங்கை, சந்தனம், பறை தொண்டகம் என்று உரைகாரர்கள் பட்டியலே தருகிறார்கள். பேரனிடம் இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தாத்தா, இது எங்க ரூல் புக்கில வர்ற டேபிள் மாதிரியே இருக்கு" என்றான். இருக்கும்.

அரக்கி வேண்டுமா? கொல்லிப்பாவை இருக்கிறாள். காற்று அடித்தாலும் மழை பொழிந்தாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் அவள் அழகு குலையாது என்று நற்றிணை சொல்கிறது. சிரித்து மயக்கி உயிர் வாங்குவாள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. ஓநாயாக மாறுகிறவனைக் கண்டால் ஓடலாம். சிரிக்கிறவளைக் கண்டு யார் ஓடுவான்?

வீரன் வேண்டுமா? வல்வில் ஓரி. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடினார். அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது அம்பு அல்ல. காட்டில் வந்த பாணர் கூட்டத்துக்கு எதிரே நிற்கும் வேட்டுவன் யார் என்று தெரியாது. அவன் முன்னாலேயே ஓரியின் புகழைப் பாடுகிறார்கள். அவனுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. பிறகு இறைச்சியும் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். ஆட்டத்தைத் தொடங்க இதைவிட நல்ல காட்சி உண்டா? பின்னால் அந்த ஓரியைக் காரி கொன்று மலையைச் சேரனிடம் கொடுத்துவிட்டான். அடுத்த ஆட்டத்துக்கும் கதை தயார்.

ஆகாய கங்கைப் பக்கத்துச் சித்தர் குகைகளைச் சொன்னேன். அறப்பளீஸ்வரர் கோயில் ஓடையில் சமைத்த மீன் உயிர்பெற்று நீந்திய கதையையும் சொன்னேன்.

பேரன் சும்மா விடவில்லை. "நம்ம சாமிய வச்சு விளையாடினா யாராச்சும் சண்டைக்கு வருவாங்க. அதுவுமில்லாம அங்க நிஜமாவே ஜனங்க இருக்காங்க தாத்தா. பனி ஊர்ல யாரும் இல்ல. யாரையும் புண்படுத்த மாட்டேன்" என்றான்.

நியாயமான பேச்சு. எட்டுக்கை அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்று கும்பிடுகிறார்கள். கும்பிடுகிற தெய்வத்தைப் பகடைக்கு இழுக்காதே, பாவையின் பழங்கதையோடு நிறுத்திக்கொள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஜனங்கள் விஷயத்தில் எனக்கு வேறு எண்ணம். ஆளில்லாத ஊரில் விளையாடுவது சுலபம், அதனால்தான் அந்தக் கதை சப்பென்று இருக்கிறது. கொல்லிமலையில் இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, தமிழ் பேசும் மலைக்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறியதாகச் சொல்வார்கள். அடிவாரத்தில் முப்பது வருடம் இருந்தும் இது தெரியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 1978 கார்த்திகை என்று நினைவு. நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றுக்கு மலையிலிருந்து ஒரு பெரியவர் முதியோர் உதவித்தொகை மனுவோடு வந்தார். இரண்டு நாளாக மழை. கம்பளிச் சாக்கைத் தலையில் போட்டிருந்தார். மனுவைப் பாலிதீன் தாளில் சுற்றி, வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவர் உடம்பில் காய்ந்திருந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான். மணி ஐந்தடிக்கப் பத்து நிமிடம். தபால் பதிவேட்டை நான் அப்போதுதான் மூடி உறையில் போட்டிருந்தேன். திறந்து ஒரு வரி எழுத ஒரு நிமிடம் ஆகும். "பெரியவரே, திங்கட்கிழமை வாங்க" என்றேன். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். வெள்ளிக்கிழமை அது.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகு நானும் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. பேரனிடம் அன்று சொன்னேன். கொஞ்ச நேரம் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி இருபது என்று நம்பர் போட்டான். "அஞ்சு மணிக்குள்ள கீழ இறங்கணும், காகிதம் நனையக் கூடாது. வழியில எத்தனை ஓடை?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. நான் மலையைக் கீழேயிருந்தே பார்த்தவன்.

அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலை வருமுன் காரவள்ளிப் பக்கமிருந்தோ வேறு பக்கமிருந்தோ நடந்து ஏறியவர்கள் உங்களில் இருப்பீர்கள், அல்லது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எங்கே ஓடை குறுக்கிடும், எந்தப் பாறையில் சுமையை இறக்கி வைப்பார்கள், இருட்டினால் எங்கே தங்குவார்கள், அந்த இடங்களுக்கு என்ன பெயர் என்று எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. குமாஸ்தா வேடத்துக்கு ஆள் கிடைத்தாயிற்று. பேரன் அதை எனக்குத்தான் ஒதுக்கியிருக்கிறான்.