பவளப்பாறையும் அதனுள் வாழும் பாசியும்

பவளம் என்றவுடன் நம்மவர் நினைவிற்கு வருவது மாலையிற் கோக்கும் செம்மணியே. அது மத்தியதரைக் கடலில் ஒளி குன்றிய இடங்களில் வளரும் ஒருவகைப் பிராணியின் எலும்பாகும். நாம் ஈண்டுப் பேசப் புகுவது அதுவன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றுள் இரண்டு கடலில் அமிழ்ந்துவிட்டன. அத்தீவுகளைச் சூழ்ந்து ஆழமற்ற நீரில் வளரும் பவளப்பாறையே நமது பொருள். முருகைக்கல் என்பதும் இதனையே. இதனைக் கல்லென்றே நெடுங்காலம் கருதினர், வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு சுட்டனர், சுவரும் எழுப்பினர். கல்லென்று கருதியதால் விளைந்த கேட்டினை யாவரும் அறிவர். பிராணியென்று மட்டும் கருதுவதும் போதாது என்பது நமது துணிபு.

பவளப்பூச்சி என வழங்கும் சிற்றுயிர் உண்மையில் பூச்சியன்று, கடற்சாமந்தியின் இனத்தது. ஒரு சிறு பையும், அதன் வாயைச் சூழ்ந்த உணர்கொம்புகளுமே அதன் உடல். அவ்வுடலின் உட்படலத்து உயிரணுக்களுக்குள்ளே பொன்னிறப் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு பாசியின் அளவு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கே. ஒரு சதுர சென்டிமீட்டர்ப் பவளத்தில் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பாசிகள் இருத்தல் இயல்பு. பவளத்திற்கு நாம் காணும் பழுப்பு நிறம் பெரும்பாலும் இக்குடிகளின் நிறமேயாம். இவற்றிற்கு 1881-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பிராண்ட் ஸூஸாந்தெல்லா என்று பெயரிட்டார்.

இப்பாசிகளால் பவளத்திற்கு ஆவது யாது? இவ்வினா எளிதில் தீர்ந்ததன்று. 1928-29-ஆம் ஆண்டுகளில் யங் என்னும் ஆங்கில விஞ்ஞானி ஒரு குழுவுடன் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்தொடரிலுள்ள லோ தீவுகளில் தங்கி ஆராய்ந்தார். பவளங்களை இருளில் வைத்தபோது பாசிகள் அகன்றன. ஆயினும் இரை கொடுக்கப்பட்ட பவளங்கள் பிழைத்திருந்தன. ஆகவே பாசி உணவளிப்பதன்று, கழிவினை அகற்றுவதே அதன் தொழில் என்று அவர் கருதினார். 1958-ல் மஸ்கட்டைன், ஹாண்ட் என்னும் இருவர் கதிரியக்கக் கரியைப் பயன்படுத்தி, பாசி ஆக்கிய பொருள் கடற்சாமந்தியின் உடலுட் செல்வதைக் கண்டனர். அடுத்த ஆண்டில் கோரோ என்பார், ஒளியில் பவளம் சுண்ணாம்பு படிவிக்கும் வேகம் இருளினும் மிகுதல் காட்டினார். பாசி சூரிய ஒளியால் ஆக்கும் சர்க்கரை முதலியவற்றுள் பெரும்பகுதி, நல்லொளியில் பத்தில் ஒன்பது பங்கு வரையிலும், பவளத்தைச் சேரக்கூடும் என்பது பின்னர் அறியப்பட்டது. பவளம் விடும் கரியமில வாயுவும் உப்புச்சத்துக் கழிவும் பாசிக்கு உரமாகின்றன. சத்துக் குறைந்த வெப்பக் கடலில் மலைபோன்ற பாறை எழுவதன் இரகசியம் இக்கொடுக்கல் வாங்கலே.

இதனை நட்பின் இலக்கணமாக எடுத்துக்காட்டி மகிழ்வார் உளர். நாம் அவ்வளவு விரைவில் இசையோம். பவளம் தன்னகத்துப் பாசிக்கு வேண்டும் உரத்தை அளந்தே விடுகின்றது. பாசி தன்னிச்சையாய்ப் பெருகவொட்டாது. கணக்கு வழக்குள்ள குடித்தனம் என்பதே பொருந்தும்.

அக்குடித்தனம் வெப்பத்தால் கலைகின்றது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தினும் ஒரு பாகை செல்சியஸ் மிகுந்து சில வாரம் நிலைப்பின், பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி நச்சுத்தன்மையுள்ள பிராணவாயு வகைகள் பிறக்கின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகின்றது. நிறமற்ற தசையினூடே வெள்ளெலும்பு தோன்றும், இதுவே வெளிறல். வெளிறிய பவளம் அக்கணமே இறந்ததன்று, பட்டினி கிடக்கின்றது. பாசி காலத்தே திரும்பின் பிழைக்கும், இல்லையேல் மாயும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்நிலை பெரிதும் நேர்ந்தது.

1986-ல் இத்தீவுகளும் சூழ்கடலும் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. கல் வெட்டுவோர் கையைத் தடுத்த இச்சட்டங்களை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் வெந்நீர் பூங்காவின் எல்லையைக் கேட்டு வருவதில்லை. உடைந்த பவளக் கிளைகளைச் சிமெந்துச் சட்டங்களிற் கட்டிக் கடலடியில் நடும் பணியும் நடைபெற்று வருகின்றது. நற்பணியே, எனினும் நடும் கிளையினுள் எப்பாசி குடியிருக்கின்றது என்ற கேள்வியும் உடன் எழவேண்டும். ஒரே பேரினம் என நெடுங்காலம் எண்ணியிருந்த இப்பாசிகளை 2018-ல் பல பேரினங்களாகப் பிரித்தனர். அவற்றுள் டுருஸ்டினியம் என்பதன் சில வகைகள் வெப்பம் தாங்கவல்லன. ஆயின் அவை பவளத்திற்கு ஈயும் உணவு குறைவாதலால் வளர்ச்சியும் மந்தமாகும். எதனை விரும்புவது என்பது எளிதில் முடிவு செய்யத்தக்கதன்று. பாசியைக் கருதாமல் பவளத்தை மட்டும் எண்ணி நடுவோர்க்கோ அவ்வினாவே தோன்றாது.

இவ்விடத்தில் நம் கல்லூரிகளின் கல்வி முறையைப் பற்றி ஒரு சொல். விலங்கியல் மாணவர் பவளத்தின் உடலமைப்பை வரைகின்றனர். தாவரவியல் மாணவர் பாசிகளை வகைப்படுத்துகின்றனர். இரண்டும் ஒரே உயிரணுவிற் கூடி வாழும் செய்தி இரு வகுப்புகளுக்கும் இடையிலுள்ள தாழ்வாரத்தில் விழுந்து கிடக்கின்றது! பாசியோ பவளத்தை விட்டு நீங்கின் இரு கசையிழைகளால் நீந்தித் திரிவது. இதனைத் தம்மதென உரிமை கொண்டாட இரு சாராரும் முன்வந்ததுண்டு. கற்பிப்பதற்கு மட்டும் ஏன் ஒருவரும் முன்வருவதில்லை?

நாம் வேண்டுவது சிறிது. இரு துறை மாணவரும் ஆண்டுதோறும் ஒருங்கே கடற்கரைக்குச் செல்லவேண்டும், தக்க அனுமதியோடும் துணையோடும். வெப்பம் மிகும் ஏப்ரல், மே மாதங்களிலே செல்லுதல் நலம். விடுமுறை என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாகாது. குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலையார் 2002-ல் தொடங்கிய ஒரு திட்டத்தின் நிற அட்டை பல நாடுகளிலும் வழங்குகின்றது. வெளிறியது முதல் செறிந்தது வரை ஆறு படிகளில் நிறம் காட்டுவது. அதனைப் பவளத்தின் அருகே பிடித்து எண்ணைக் குறித்துவரச் செலவு மிகுதியில்லை. குறிப்பேட்டைத் துறைக்கொன்றாக வைக்காமல் இரண்டிற்கும் பொதுவாக ஒன்றே வைத்து, அடுத்த ஆண்டு மாணவர்க்கு ஒப்படைத்து வரலாம்.