லாப ஈவு என்னும் நற்சான்றிதழ்

ஜொகூரில் நம்மவர்களிடம் பங்குச் சந்தை பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். கூலாய், ஸ்கூடாய், மாசாய் என்று எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் வந்து விழும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, ஈவு எவ்வளவு கொடுக்கிறான்?" கம்பெனி என்ன தொழில் செய்கிறது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான், பெரும்பாலும் அதைக் கேட்பதே இல்லை. ஆண்டுதோறும் ஈவு கொடுத்தால் யோக்கியமான கம்பெனி, கொடுக்காவிட்டால் ஏமாற்றுக் கம்பெனி என்று தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு தவறு. பாரந்தூக்கி, மண்வாரி, ஃபோர்க்லிஃப்ட் ஆகியவற்றை வாடகைக்கு விடும் கம்பெனிகள் விஷயத்தில் இது பணத்தைக் கரைக்கும் தவறு.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதித்து வரவில்லை. ஊழியர் சேமநிதி வாரியம் ஆண்டுக்கு ஆண்டு லாப ஈவு அறிவிக்கிறது, வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு என்று சட்டமே உறுதி தருகிறது. அமானா சஹாம் மலேசியா என்னும் யூனிட் டிரஸ்ட் நிதியில் யூனிட் ஒன்றின் விலை எப்போதும் ஒரு ரிங்கிட். போட்ட முதல் போட்டபடி இருக்க, மேலே வருவது ஈவு. இந்த இரண்டிலும் பழகியவர், பங்கையும் அதே கண்ணால் பார்க்கிறார். பங்கின் விலையை யாரும் ஒரு ரிங்கிட்டில் கட்டிப்போடவில்லை. ஒரு ரிங்கிட் பங்குக்கு 6 சென் ஈவு என்றால், ஈவுரிமை நீங்கும் நாளில் (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த ஈவு கிடையாது) வேறு காரணம் எதுவும் குறுக்கிடாத வரை அதன் விலை 94 சென் அளவில்தான் திறக்கும். வலது பைக்காசு இடது பைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நாளுக்கு முன் வாங்கி, ஈவை எடுத்துக்கொண்டு விற்றுவிடலாம் என்று திட்டம் போடுபவருக்கு மிஞ்சுவது தரகுக் கட்டணம்.

இன்னொரு காரணம் ஆழமானது. அதற்கு மைக்கா என்று பெயர். 1980-களில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் 66,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் போட்டார்கள். தோட்டப் பாட்டாளிகள் தாலிக்கொடியை அடகு வைத்துப் போட்ட கதைகளை இன்றும் கேட்கலாம். கைக்கு வந்த ஈவு சொற்பம். கால் நூற்றாண்டு கழித்து, 2010-இல், ஒரு ரிங்கிட் பங்கை 80 சென்னுக்கு வாங்கிக்கொள்ள ஒரு தனியார் நிறுவனம் முன்வந்ததோடு கதை முடிந்தது.

மைக்காவிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம், "ஈவு கொடுக்காதவனை நம்பாதே" என்பது. எடுத்திருக்க வேண்டிய பாடம், "கணக்கைக் காட்டாதவனை நம்பாதே" என்பது. மைக்காவுக்கென்று ஒதுக்கப்பட்ட டெலிகாம் மலேசியா பங்குகளில் பெரும்பகுதி வேறு கம்பெனிகளுக்குப் போன விவகாரம்தான் அதன் பெயரைக் கெடுத்தது. அதை எந்த ஈவும் சரிக்கட்டியிருக்காது. ஈவு கொடுப்பதையே நேர்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றுபவனுக்கு வேலை சுலபம். 2017-இல் பினாங்கில் கவிழ்ந்த ஜேஜேபிடிஆர் முதலீட்டுத் திட்டம், மாதம் 20 விழுக்காடு என்று ஆசை காட்டித்தான் ஆள் சேர்த்தது. முதல் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது என்பதே பலருக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

இனி வாடகை இயந்திரத் தொழிலுக்கு வருவோம். ஒரு கம்பெனி 10 லட்சம் ரிங்கிட்டுக்கு ஒரு பாரந்தூக்கி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் சம்பளம், டீசல், பழுது எல்லாம் போக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கையில் நிற்கிறது. இயந்திரம் பத்து ஆண்டு உழைக்கும். ஆகவே ஆண்டுத் தேய்மானம் ஒரு லட்சம், லாபம் 50,000. அந்த 50,000-ஐ ஈவாகக் கொடுத்துவிட்டு ஒரு லட்சத்தை எடுத்து வைத்தால், பத்தாம் ஆண்டு முடிவில் அடுத்த பாரந்தூக்கிக்குப் பணம் தயார்.

இப்போது கணக்கர் பேனாவை மட்டும் கொஞ்சம் அசைக்கிறார். இயந்திரம் இருபது ஆண்டு உழைக்கும் என்கிறார். தேய்மானம் 50,000 ஆகக் குறைகிறது. லாபம் ஒரு லட்சமாக உயர்கிறது. களத்தில் ஒரு டன் கூட அதிகமாகத் தூக்கப்படவில்லை, ஆனால் ஈவு இரண்டு மடங்கு. பங்குதாரர்கள் கைதட்டுகிறார்கள். பத்து ஆண்டுகளில் 10 லட்சம் ஈவு போயிருக்கும், கையிருப்பு 5 லட்சம், முற்றத்தில் ஓய்ந்துபோன ஓர் இயந்திரம். புதியதை வாங்கக் கடன் வாங்க வேண்டும். அன்றைய விலையும் 10 லட்சத்தில் நிற்காது. கொடுத்த ஈவில் பாதி லாபமே அல்ல, அந்தப் பாரந்தூக்கிதான். விதைநெல்லை அவித்துப் பந்தி வைத்துவிட்டு விளைச்சல் அமோகம் என்பது இதுதான்.

"சட்டம் இருக்கிறதே, லாபத்திலிருந்துதானே ஈவு தர முடியும்?" என்று கேட்பார்கள். இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி லாபமும் இருக்க வேண்டும், ஈவு கொடுத்த பின் பன்னிரண்டு மாதங்களுக்குள் வரும் கடன்களை அடைக்கும் சக்தியும் இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது பார்ப்பது பன்னிரண்டு மாதம். பாரந்தூக்கியின் ஆயுள் பத்து ஆண்டு. கடன்காரனைக் காக்க எழுதிய விதி, பழைய இயந்திரத்துக்குப் பதில் புதியது வருமா என்று கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் பங்குதாரர்.

ஜொகூரில் இருந்துகொண்டு இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பெங்கேராங்கில் பெட்ரோனாஸின் சுத்திகரிப்பு வளாகம் எழுந்தபோது கனரக இயந்திரங்களுக்கு இருந்த கிராக்கி, கட்டி முடித்ததும் இறங்கியது. ஃபாரெஸ்ட் சிட்டிக்காகக் கடலைத் தூர்த்த வேகமும் பிறகு வந்த அமைதியும் கேலாங் பாத்தாக்காரர்களுக்குத் தெரியும். இப்போது கூலாய், செடெனாக் பக்கம் தரவு மையங்கள், சிங்கப்பூருக்கு ரயில் இணைப்பு என்று மறுபடி ஏற்ற காலம். ஏற்ற காலத்து ஈவை வைத்து, "போன வருஷம் 6 சென், இனி வருஷா வருஷம் 6 சென்" என்று ஓய்வூதியக் கணக்குப் போடுவது, கட்டுமானத் தொழில் என்றால் என்ன என்பதையே மறப்பது.

இறங்குமுகத்தில் இன்னொரு மாயம் நடக்கும். வேலை முடிகிறது, ஒரு ரிங்கிட் பங்கு 50 சென்னுக்கு விழுகிறது, பழைய ஈவு 6 சென். பட்டியலில் இப்போது அது 12 விழுக்காடு ஈவு தரும் பங்கு! நம்மவர் அள்ளிக்கொண்டு வருகிறார். அடுத்த ஆண்டு ஈவு வருமா என்ற சந்தேகத்தில்தான் விலையே விழுந்தது என்பது அந்தப் பட்டியலில் இருக்காது.

வரலாறும் இதையேதான் சொல்கிறது. உலகின் மிகப் பெரிய இயந்திர வாடகைக் கம்பெனி, அமெரிக்காவின் யுனைடெட் ரென்டல்ஸ். 1997-இல் தொடங்கி அதே ஆண்டு பங்குச் சந்தைக்கு வந்தது. சாதாரணப் பங்குதாரர்களுக்கு முதல் காலாண்டு ஈவு கொடுத்தது 2023-இல்: பங்குக்கு 1.48 டாலர். கால் நூற்றாண்டு ஒரு சென்ட் கூட இல்லை. நம் கடைத்தெருத் தீர்ப்பின்படி அது ஏமாற்றுக் கம்பெனி. 2009 மார்ச்சில் 4 டாலருக்கும் கீழே கிடந்த அந்தப் பங்கு, முதல் ஈவு அறிவிக்கும்போது 400 டாலரை ஒட்டி இருந்தது. லாபத்தை இயந்திரங்களிலும், போட்டிக் கம்பெனிகளை வாங்குவதிலும், சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்குவதிலும் போட்டார்கள். நடுவில் மரண பயம் காட்டிய காலமும் உண்டு. ஈவு தராததே வெற்றிக்குக் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. ஈவு பட்டியலைப் பார்த்து இதை முன்கூட்டி அறிய வழியே இருந்திருக்காது என்கிறேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், தாட் ஹோங். இந்த வட்டாரத்தின் பெரிய பாரந்தூக்கிக் கம்பெனிகளில் ஒன்று, சிங்கப்பூர்ச் சந்தையில் பட்டியலிடப்பட்டு ஆண்டுகளாக ஈவு கொடுத்துப் பழகியது. 2018-இல் நிறுவனர் குடும்பம் சார்ந்த தரப்பு, பங்குக்கு 55 சிங்கப்பூர் சென்ட் கொடுத்துச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொண்டது. பழைய ஈவுச் சீட்டுகளைக் காட்டி அதற்கு மேல் ஒரு சென்ட் கேட்க முடியவில்லை.

ஓய்வு பெற்றவருக்கு மாதச் செலவுக்குக் காசு வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. வேண்டும். அதற்குத்தான் சேமநிதியும் விலை மாறாத யூனிட்களும் இருக்கின்றன. பங்குதான் வேண்டுமென்றால், ஈவு அறிவிப்போடு நிறுத்தாமல் ஆண்டறிக்கையின் பணப்புழக்கப் பக்கத்தைத் திறக்க வேண்டும். புதிய இயந்திரங்களுக்குச் செலவிட்டது எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு, அந்த ஆண்டு கூடிய கடன் எவ்வளவு? மூன்றும் அச்சில் இருக்கும். தேய்மானத்தை விடக் குறைவாக ஆண்டுக்கணக்கில் இயந்திரம் வாங்கிக்கொண்டு, கடனை ஏற்றிக்கொண்டு, ஈவை மட்டும் குறைக்காத நிர்வாகம் உங்களுக்குக் கொடுப்பது லாபமல்ல, உங்கள் சொத்து. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நம்மவர் ஒருவர் எழுந்து இந்த மூன்று எண்களைக் கேட்கட்டும். "ஈவு எவ்வளவு?" என்ற கேள்விக்கு எந்த நிர்வாகமும் பயந்ததில்லை.